கணுக்கால் தாங்குமா?

"ஒடிஞ்ச காலை ஊனி நிக்கிறதா? இன்னா சார் சொல்றீங்க?" வீல்சேரை இறுகப் பிடித்துக்கொண்டு முருகையன் பதறினான்.

எக்ஸ்ரே எடுக்கும் விமல்ராஜ் பொறுமையாகச் சொன்னார். "நின்னு எடுத்தாதான் கணுக்கால் மூட்டு விலகுதான்னு தெரியும். விலகலைன்னா கட்டு போதும். விலகிச்சுன்னா ஆபரேஷன்."

"ஆபரேஷனா! கோட்டைப் படியில நின்னு ஒரு போட்டோ எடுக்க ஆசைப்பட்டது தப்பா சார்? வழுக்கி வுட்ருச்சே!" முருகையனுக்கு வியர்த்துக் கொட்டியது.

மனைவி ரஞ்சிதம் அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். "சும்மா இருய்யா. ஒரு நிமிசந்தான். கண்ண மூடிக்க."

"கூட வந்தவங்க வெளிய இருங்க" என்று சொல்லி, வீல்சேரையும் வெளியே தள்ளிவிட்டு விமல்ராஜ் கதவைச் சாத்தினார்.

படம் எடுத்த நேரத்தில் முருகையன் போட்ட "ஐயோ!" ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்களையே திரும்பிப் பார்க்க வைத்தது.

படத்தைப் பார்த்த டாக்டர் சிரித்தார். "மூட்டு கொஞ்சங்கூட விலகல. ஆபரேஷன் வேணாம். கட்டுப் போடுற வரைக்கும் காலை ஊனாம வீல்சேர்ல உக்காருங்கம்மா."

ஒற்றைக் காலில் நின்றிருந்த ரஞ்சிதம் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"எங்க சார் உக்கார்றது? அதுலதான் எங்க வூட்டுக்காரரு மயங்கிக் கெடக்குறாரே!"