கடிபட்ட ரொட்டி

“உன் பூனைங்களாலதான்டி என் புருஷன் வரலை!”

கொல்லையில் பூனைகளுக்குக் கோழிக்குடல் போட்டுக்கொண்டிருந்த நில்டா திடுக்கிட்டுத் திரும்பினாள். வீட்டுக்காரம்மா டோன்யா பெட்ரோனா கறுப்புச் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு வாரமாகவே அப்படித்தான். சூப்பைத் தவிர எதுவும் இறங்கவில்லை. புருஷன் நினைப்பில் உருகுகிறாள் என்று சுக்ரே நகரத்தின் அந்தத் தெரு முழுக்கப் பேச்சு.

புருஷன் டான் ஹசிந்தோ செத்துப் பல வருஷம் ஆகிறது. செத்தவர்கள் வீடு திரும்பும் திருநாள் நேற்று மதியம் தொடங்கியது, இன்று மதியம் மணி அடித்ததும் முடிந்துவிடும். கூடத்து மேசையில் பட்டாணிக் குழம்பு, சோளக்கள், முகம் வைத்த பொம்மை ரொட்டி எல்லாம் அவருக்காகக் காத்திருந்தன. ஒவ்வொரு வருஷமும் விடிந்து பார்த்தால் ரொட்டிப் பொம்மையின் தலை கடிபட்டிருக்குமாம். உடனே தெருவையே கூட்டிக் காட்டுவாளாம். முக்கியமாக எதிர்வீட்டு ஹூஸ்தாவுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் டான் ஹசிந்தோ சுற்றிச் சுற்றி வந்தது அவளைத்தான்.

இந்த வருஷம் ரொட்டி வைத்தது வைத்தபடி இருந்தது.

“பூனை என்ன பண்ணுச்சு டோன்யா?”

“உயிரோட இருந்தப்பவே பூனைன்னா அவருக்குத் தொடை நடுங்கும். நீ ஒரு பட்டாளமே வச்சிருக்கே. மனுஷன் எப்படி உள்ள வருவாரு? அந்த ஹூஸ்தா காலையிலேயே ஜன்னல்ல நின்னு பல்லைக் காட்டுறா. ‘இங்கதான் வந்திருக்காரு’ன்னு அர்த்தம்! மணி அடிக்கிறதுக்குள்ள பூனைங்க போகணும். இல்லேன்னா நீங்க போகணும்.”

“பூனை போனா எலி திரும்பிடுமே. குழந்தை கால்ல கடிச்ச புண்ணு இப்பத்தான் ஆறியிருக்கு.”

“எலி என் புருஷனை விரட்டலையே!” அவள் விடுவிடுவென்று போய்விட்டாள்.

நில்டாவின் புருஷன் ரூஃபோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “எலிதான்டி அவ புருஷனே! வருஷா வருஷம் ரொட்டியைத் தின்னது வேற யாரு?”

நில்டாவுக்கும் அதே சந்தேகம்தான். அவர்கள் குடிவந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. வந்த புதிதில் கொல்லை எலிகளின் ராஜ்ஜியமாக இருந்தது. விறகுக் குவியலில் குடும்பம் நடத்தின, மாவு மூட்டையைக் குடைந்தன, கடைசியில் குழந்தையின் காலையும் விட்டுவைக்கவில்லை. அவள் தெருப்பூனைகளைக் குடல் போட்டுப் பழக்கிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

“உண்மையைச் சொல்லிடலாமா?”

“சொல்லேன். ‘வந்தது உங்க வீட்டுக்காரர் இல்ல, எலி’ன்னு. நம்ம கட்டில் நடுத்தெருவுல கிடக்கும்.”

நில்டா கொஞ்சம் யோசித்தாள். “நீ கோணியை எடு. பூனை பிடிக்கிற மாதிரி நடி. வீட்டுக்காரம்மாவை இங்க வரவச்சு நிறுத்தி வை. பிடிச்சு மட்டும் தொலைச்சிடாதே!”

ரூஃபோ அமர்க்களப்படுத்திவிட்டான். கோணியோடு பாய்ந்தான், விழுந்தான், வேண்டுமென்றே துணிக்கொடியில் சிக்கிக்கொண்டான். “அதோ மஞ்சப்பூனை! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?” என்று டோன்யா பெட்ரோனா சால்வைக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் நில்டா கூடத்துக்குள் நழுவினாள். டான் ஹசிந்தோவின் படத்தைப் பார்த்து, “மன்னிச்சுக்கோங்க” என்று முணுமுணுத்துவிட்டு, பொம்மையின் தலையை ஒரே கடி. ரொட்டி கல்லாகக் காய்ந்திருந்தது. மென்றுகொண்டே கொல்லைக்கு ஓடிவந்தாள்.

மாதா கோவில் மணி அடித்தது. மேசையை எடுக்க உள்ளே போன டோன்யா பெட்ரோனாவிடமிருந்து ஓர் அலறல்.

இருவரும் ஓடினார்கள். அவள் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“பாத்தீங்களா, பூனை இருந்தும் வந்துட்டாரு!” என்றாள் நில்டா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. “ஹூஸ்தாவைக் கூப்பிடட்டுமா?”

“பூனைங்க இருக்கட்டும்டி, சாகுற வரைக்கும் இருக்கட்டும்.” டோன்யா பெட்ரோனா அவள் கையை இறுகப் பிடித்து இழுத்து, காதோடு கிசுகிசுத்தாள். “யார்கிட்டயும் மூச்சு விடாதே. அந்த ஹூஸ்தா முன்னாடி மானம் போகக் கூடாதுன்னு, இத்தனை வருஷமும் விடியறதுக்கு முன்ன எழுந்து நான்தான் கடிச்சு வைப்பேன். இந்தத் தடவை முடியாமத்தான் பூனை மேல பழி போட்டேன்.”

சால்வை நழுவியது. வாயில் ஒரு பல்கூட இல்லை.

“போன வாரம் என் பல்செட்டு உடைஞ்சுபோச்சு நில்டா. இந்த வருஷம் அவரு நிஜமாவே வந்திருக்காருடி!”

நில்டா வாயில் மிச்சமிருந்த டான் ஹசிந்தோவின் ரொட்டியைச் சத்தமில்லாமல் விழுங்கினாள்.