உண்ணி மருந்து

"உங்க மாட்டைக் கொஞ்சம் பிடிங்க சார்" என்றாள் டாக்டர் ஜெரூஷா.

லோகநாதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாடம்பாக்கத்தில், அடிபட்ட தெரு மாடுகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. சனிக்கிழமைதோறும் ஜெரூஷா வந்து இலவசமாக வைத்தியம் பார்ப்பாள்.

செவலைப் பசு. முன்னங்காலில் கட்டு. காதைத் திருப்பினால் உள்ளே கொள்ளு கொட்டி வைத்ததுபோல் உண்ணி. கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்துப் போயிருந்தது.

"ரத்தத்தையெல்லாம் உறிஞ்சிருச்சு. சினை வேற. இந்த நிலைமையில ஊசி போட எனக்கு மனசில்ல. கை மருந்து சொல்றேன், செய்வீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"பத்துப் பல் பூண்டு. வேப்பிலை, வேப்பங்கொட்டை, துளசி, உண்ணிச்செடி இலை எல்லாம் ஒவ்வொரு கைப்பிடி. கொஞ்சம் வசம்பு, மஞ்சத்தூள். அரைச்சு ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு வடிகட்டிடுங்க. நல்ல வெயில்ல, துணியில தோய்ச்சு உடம்பு முழுக்கத் தேய்க்கணும். சுவர் விரிசல்லயும் அடிங்க, முட்டையெல்லாம் அங்கதான் இருக்கும். வாரம் ஒரு தடவை போதும்."

அவர் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பாட்டில் நிறைய பச்சையாகக் கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் பூண்டு நாற்றத்துக்கு மற்ற மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"இவ்ளோ நைஸா அரைச்சிருக்கீங்களே! வீட்டு மிக்ஸியா? வீட்ல சண்டைக்கு வரல?"

"மிக்ஸி சும்மாதான் இருக்கு மேடம்."

காது, தாடை, மடி, வாலடி என்று தேய்த்துக்கொண்டே போனார். பசு உடம்பைச் சிலிர்த்து வாலை வீசியது. அது நேராக அவர் முகத்தில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தேய்த்தார். திட்டவில்லை. தட்டிக்கொடுக்கவும் இல்லை.

"இன்னா மனுசன் மேடம் இவரு?" என்றான் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வெற்றிவேல், குரலைத் தாழ்த்தி. "டெய்லி ஆபீஸ் வுட்டு நேரா இங்க வந்து நின்னுகினு கீறாரு. ஒரு பேரு சொல்லிகூட அத்த கூப்டதில்ல."

ஐந்தாவது சனிக்கிழமை, எங்கே தடவிப் பார்த்தும் கையில் ஒரு உண்ணிகூடத் தட்டுப்படவில்லை. இமையின் உள்பக்கம் சிவப்பேறியிருந்தது. காலில் தையல் பிரித்து, கட்டும் அவிழ்த்தாயிற்று. ஜெரூஷா சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு ஓட்டிட்டுப் போங்க சார்."

"எங்க மேடம் ஓட்டிட்டுப் போறது?"

"உங்க வீட்டுக்குத்தான்."

"அபார்ட்மென்ட் மேடம். மூணாவது மாடி."

அவள் சிரிப்பு போய்விட்டது.

"அப்போ திரும்பவும் ரோட்லயே விடப் போறீங்களா? இது எப்படி இங்க வந்துச்சுன்னாவது தெரியுமா? பெருங்களத்தூர் கிட்ட இது குறுக்க வந்து, ஸ்கூட்டில போன ஒரு அம்மா மோதி விழுந்து செத்தே போயிட்டாங்க. ஒருத்தன் வண்டியை நிறுத்தல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இந்த வாயில்லா ஜீவன்தான், கால்ல ரத்தம் ஒழுக ஒழுக அவங்க பக்கத்துலயே நின்னுச்சாம். நீங்க எங்க சார் இருந்தீங்க அப்போ?"

"ஆபீஸ்ல இருந்தேன் மேடம்."

"நல்லா இருக்கு! மாட்டை வளர்த்துத் தெருவுல விட்டுட்டு ஆபீஸ்ல இருந்தாராம். அந்த அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை மன்னிப்பாவது கேட்டீங்களா?"

வெற்றிவேல் தவிட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். லோகநாதன் கையிலிருந்த துணியைப் பிழிந்தார். கம்பியில் விரித்துப் போட்டார். பசு தலையை நீட்டி அவர் சட்டைக் கையை நக்கியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மாடு யாருதுன்னு எனக்குத் தெரியாது மேடம்" என்றார். "செத்தவ என் வொய்ஃப்."