பூட்ஸ் நுனியில் ஒரு கீச்

"காலைத் தூக்காதே, மாதங்கி!" வத்சன் அலறுகிறான். ஜெர்மனியின் ஆஹென் நகருக்கு வெளியே, ஆளில்லாத பழைய பண்ணை. மண்ணில் புதைந்த நாணயம் தேட அவன் கொண்டுவந்த உலோகம் காட்டும் கருவி, அவன் மனைவியின் ரப்பர் பூட்ஸ் அருகே கீச்சிடுகிறது. போன மாதம்தான் அடுத்த ஊர் வயலில் வெடிக்காத போர்க்காலக் குண்டு ஒன்று கிடைத்தது. கூரை இழந்த தொழுவத்துக்குள் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. எங்கோ ஒரு தகரம் காற்றில் தட்டிக்கொண்டே இருக்கிறது. முந்தாநாள் சண்டைக்குப் பிறகு இருவரும் இன்றுதான் வாய் திறந்திருக்கிறார்கள். "சண்டைக்குப் பழிவாங்கத்தான் கூட்டிட்டு வந்தியா?" அவள் காலை அசைக்காமலே கேட்கிறாள். அவன் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்தபடி கருவியை நகர்த்துகிறான். பூட்ஸைச் சுற்றிலும் மண் மௌனமாக இருக்கிறது. நுனிக்கு மேல் மட்டும் கீச். மறுகால் பூட்ஸின் நுனியிலும் அதே கீச். "காலுக்கொரு குண்டா?" சேற்றிலேயே உட்கார்ந்து சிரிக்கிறான். "மண்ணுல ஒண்ணும் இல்லடி. பூட்ஸுக்குள்ள என்ன வெச்சிருக்கே?" மாதங்கியின் முகத்தில் பயம் வடிந்து வெட்கம் ஏறுகிறது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பூட்ஸை உருவுகிறாள், காலுறையையும். சண்டையில் கழற்றி எறிந்துவிட்டதாக அவள் சொன்ன வெள்ளி மெட்டி, விரலில் அப்படியே இருக்கிறது.