நாலாவது மூலை

அநியாயம் நடந்தது எதெல்மிரா அம்மாவுக்கு. அவருடைய அம்மா காலத்துப் பாலன் இயேசு சுரூபம் ஊர்வலத்தில் கீழே விழுந்து, வலது கை ஒடிந்துபோனது. காரணம் யோலிமார்.

கை தவறி விழவில்லை. அவள் விட்டுவிட்டு ஓடினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் குடிலில் படுக்கவைத்த பாலனை ஜனவரியில் எழுப்பி நிற்கவைப்பது எங்கள் மலை வழக்கம். அதற்கு முன்னால் அவரைப் பட்டுத் துணியில் கிடத்தி, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டு, வயலினும் மெழுகுவர்த்தியுமாக ஊரைச் சுற்றி வருவோம். மூலை பிடிக்கக் கிடைப்பது பெரிய மரியாதை. இந்த வருடம் ஒரு மூலை எனக்கு. எனக்கு எதிர் மூலை யோலிமாருக்கு.

எதெல்மிரா அம்மாவுக்கு இந்தத் தடவை ஒரு வேண்டுதலும் இருந்தது. மகன் எதிக்ஸோன் வேலை தேடி நடந்தே எல்லை தாண்டப் போனவன், போனவன்தான். ஒரு தகவலும் இல்லை.

"பாலன் நல்லபடியா எழுந்து நின்னா, என் பிள்ளையும் எங்கயோ நல்லபடியா நிக்கிறான்னு அர்த்தம்" என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பாலத்து வளைவில் எவனோ குடித்துவிட்டு வழியிலேயே சுருண்டு கிடந்தான்.

"ஆண்டவர் வர்ற வழியில படுத்திருக்கான் பாரு, வெக்கங்கெட்டவன்!" என்று கூட்டத்தில் யாரோ திட்டினார்கள்.

"மிதிச்சிடாதீங்க, சுத்தி வாங்க, சுத்தி வாங்க" என்றார் வயலின்காரர் உல்பியானோ.

சுற்றிப் போனோம். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது எதிர் மூலை சட்டென்று தொங்கியது. பாலன் உருண்டு கல்லில் விழுந்தார்.

அலறிக்கொண்டு எல்லோரும் குனிந்தோம். ஒடிந்த கையைத் தேடி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பனிமூட்டத்தில் யோலிமாரைக் காணவில்லை.

எதெல்மிரா அம்மா வீட்டுக்குத் திரும்பியதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"அவ அக்கா இப்போ கைதட்டிப் பாடுற சபைக்குப் போறா இல்ல? இவளுக்கும் சுரூபம்னா இளக்காரமாப் போச்சு."

"அடப் போங்க, எவன் கூப்பிட்டானோ!"

எதெல்மிரா அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. பாலனை மடியில் வைத்து, ஒடிந்த கையைத் தோளோடு பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பிள்ளைக்கு என்ன ஆச்சோ..."

எனக்குக் கொதித்தது. "எழுந்திரிங்கம்மா. ஏன் விட்டேன்னு அவளையே கேட்போம்."

"போய் இழுத்துட்டு வா" என்றார் உல்பியானோ. "எல்லார் முன்னாடியும் அவ மன்னிப்பு கேக்கணும். கேக்காம நான் வயலின் வாசிக்கமாட்டேன்."

சட்டக் கல்லூரிக்காரி நான். போகிற வழியெல்லாம் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனேன். பாலனை விட மனசில்லாமல் சால்வைக்குள் அணைத்தபடி எதெல்மிரா அம்மா பின்னால் வந்தார்.

யோலிமார் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, ஒரு மூலையை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதவ எதுக்குடி ஒத்துக்கிட்டே? அந்த அம்மா வேண்டுதல் என்னன்னு உனக்குத் தெரியாதா? பொறுப்புன்னா..."

"கத்தாத" என்றாள் அவள், திரும்பாமலே. "இப்பதான் கண்ணத் திறந்தான்."

எட்டிப் பார்த்தேன். சாக்கு விரிப்பில் ஒரு பையன். இருபது வயது இருந்தால் அதிகம். தலைமாட்டில் கிழிந்த முதுகுப்பை. பாதங்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. பக்கத்தில் அடி தேய்ந்து ஓட்டையான செருப்பு.

"இவன்... பாலத்துக்கிட்ட குடிச்சிட்டுக் கிடந்தவன் இல்ல?"

"குடிச்சவனா? வாயை மோந்து பாரு. சாப்பிட்டே நாளாச்சு அவனுக்கு. கடற்கரைப் பக்கத்துப் பையன், நம்ம குளிரு தெரியாது. எல்லைக்கு நடந்தே போறானாம், தோள்ல சாத்தி இழுத்துட்டு வரும்போது முனகினான்."

அப்போதும் நான் விடவில்லை. "அதுக்காக? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு என்ன? மூலையை வேற யார்கிட்டயாவது குடுத்திருக்கலாமே!"

"சொன்னேன். உன் முகத்தைப் பாத்துத்தான் சொன்னேன், அவன் நடுங்குறான்னு. நீ கண்ண மூடிப் பாடிக்கிட்டிருந்தே."

வெல்லத் தண்ணியைக் கரண்டியால் அவன் வாயில் விட்டாள்.

"மூணு பேர் பிடிச்சிருக்கீங்களே, தாங்கும்னு நினைச்சேன். இவனைப் பிடிக்கத்தான் ஒருத்தருமே இல்ல."

அடுக்கி வைத்திருந்த கேள்விகளை விட்டுவிட்டு, அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினேன்.

எதெல்மிரா அம்மா பாலனை என் கையில் கொடுத்தார். தரையில் உட்கார்ந்தார். தன் சால்வையை உருவி அந்தப் பையனின் பாதங்களைச் சுற்றி, மடியில் தூக்கி வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"நீ இங்க கிடக்கிறேன்னு உங்க அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

பையன் தலையை மட்டும் அசைத்தான். தெரியாது.

வாசலில் பேச்சுச் சத்தம். கையில் வயலினோடு உல்பியானோ, அவர் பின்னால் மெழுகுவர்த்திகளோடு பாதி ஊர்வலம்.

"என்னம்மா இது, எவ்வளவு நேரம்? ஜெபமாலை பாதியில நிக்குது, கேக்கு வெட்டாமக் கிடக்குது. இவ மன்னிப்பு கேட்டாளா இல்லையா?"

எதெல்மிரா அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மூலையை விட்டவ எதுக்குய்யா கேக்கணும்? ஆண்டவரைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, ஆண்டவரையே சுத்திப் போனோமே... நாமதான் கேக்கணும்."