லாரியில் ஏறிய சைக்கிள்

ஓடையில் முகம் கழுவித் திரும்பிய பொற்கொடி, தன் சைக்கிளை ஒரு லாரியின் மேல் ஆடுகளுக்கு நடுவே கட்டியிருப்பதைப் பார்த்தாள். அவள் கணவன் இளவழகன் தன் சைக்கிளோடு மேலே உட்கார்ந்து கையாட்டினான்.

"ஏறுடி. உச்சி வரைக்கும் கொண்டுபோய் விடறாராம். உன் முட்டி வீங்கிக் கெடக்குல்ல."

"யாரக் கேட்டு ஏத்துன?"

"கேட்டா நீ வேணாம்னுதான சொல்லுவ."

இருவரும் சைக்கிளிலேயே சுற்ற வந்திருந்த, பாஷை தெரியாத அந்த நாட்டின் எல்லையைத் தாண்டிய நாளிலிருந்து ஓரடி தூரத்தைக்கூட மிதிக்காமல் கடக்காதவள் அவள். "எறக்கு" என்று அவள் கத்தியது டிரைவருக்குப் புரியவில்லை. லாரி கிளம்பியது. நொண்டிக்கொண்டே வளைவு வளைவாக மேலே நடந்தாள்.

உச்சியில், மலைப்பாதையின் பெயர்ப்பலகைமேல் அவளுடைய சைக்கிளைச் சாய்த்துவைத்து அவன் படமெடுத்துக்கொண்டிருந்தான். ஹேண்டில் உறையை ஆடு கடித்துத் தின்றிருந்தது.

"வா, பக்கத்துல நின்னு சிரி. ஏறிட்டோம்ல."

"ஆடுங்களும்தான் ஏறுச்சு. அதுங்கள நிக்கவெச்சு எடு."

சைக்கிளை வந்த பக்கமே திருப்பினாள்.

"அந்தப் பக்கம் எங்கடி போற?"

"விட்ட எடத்துக்கு."

பிரேக்கைத் தொடாமல் இறங்கினாள். ஓடைக்கரை ஈரமண்ணில், அவன் சைக்கிளைத் தூக்கிய இடத்தில் சக்கரத்தடம் அறுந்து நின்றது. அதன்மேலேயே சக்கரத்தை வைத்து, வலிக்கிற காலால் முதல் மிதி மிதித்தாள்.

பாதி மலையில் எதிரே அதே லாரி, ஆடுகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. மேலே இளவழகன் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். ஹாரன் விடாமல் அலறியது. ஒரு வண்டிதான் போகமுடிகிற ரோடு அது. பொற்கொடி ஓரத்திலிருந்து நடுரோட்டுக்கு வந்து மிதித்தாள்.