காருக்குள் போட் எண்ணெய்

"கார்ட திறப்ப வெச்சிட்டுப் போ நஸீர். நாளைலருந்து வரத் தேவையில்ல."

நெய்னார் ஹாஜியார் சாவிக்குக் கையை நீட்டியபடி தன் டிரைவரிடம் இதைச் சொன்னபோது, மதுரங்குளிச் சந்தியில் இருக்கும் இன்சாபின் கராஜில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாதிப் பேர் வாகனம் திருத்த வந்தவர்கள் இல்லை. புதினம் பார்க்க வந்தவர்கள். கராஜ் என்றால் அப்படித்தான்.

விஷயம் இதுதான். ஹாஜியாரின் காரில் எஞ்சின் லைட் மஞ்சளாக எரியத் தொடங்கி இரண்டு நாள். கொழும்பில் ஒருவரிடம் போனில் கேட்டதற்கு, கன்வேர்ட்டர் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று காரைப் பார்க்காமலே சொல்லிவிட்டாராம்.

இன்சாப் அப்படி வாய்க்கு வந்ததைச் சொல்கிறவன் இல்லை. ஸ்கேனரைக் குத்திப் பார்த்தான். பி 0420. புகையைச் சுத்தமாக்கும் கன்வேர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஏன் செய்யவில்லை என்பதை ஸ்கேனர் சொல்லாது. அதை மனிதன்தான் தேட வேண்டும்.

உப்புக் காற்றில் சைலன்சர் குழாய் எங்காவது ஓட்டையாகிவிட்டதா என்று கீழே படுத்துப் பார்த்தான். இல்லை. சென்சர் வயரும் சரியாக இருந்தது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கிடந்தது. கடைசியில் டாங்கியிலிருந்து கொஞ்சத்தை ஒரு போத்தலில் இறக்கி, எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தான்.

"ஹாஜியார், இதுல பெற்றோல் பாதிதான். மத்தது மீன்பிடிக்கிற போட்டுக்குக் கலக்கிற மண்ணெண்ணெயும் ஒயிலும். கேன் கணக்கில ஊத்தியிரிக்கி."

ஹாஜியார் போத்தலை வாங்கி மணந்து பார்த்தார். சட்டென்று மணலில் கொட்டினார்.

பிறகென்ன, ஆளுக்கொரு கதை. பெற்றோலை விற்றுவிட்டு இதை ஊற்றியிருக்கிறான் என்றார் ஒருவர். வந்தவங்களை நம்பினால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். நஸீரின் குடும்பம் மன்னாரிலிருந்து தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு துரத்தப்பட்டு வந்தது. முப்பத்தைந்து வருஷமாக இங்கேயே கிடந்தாலும் சிலருக்கு அவன் இன்னும் வந்தவன்தான்.

நஸீர் ஹாஜியாரையே பார்த்துக்கொண்டு நின்றான். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வாய் எப்படி வரும் என்று இன்சாபும் நினைத்தான். அப்போதுதான் ஹாஜியார் திறப்பைக் கேட்டார். நஸீரின் பன்னிரண்டு வருஷ வேலை, ஏ.எல். படிக்கும் மகள் நஸ்லாவின் படிப்பு, எல்லாம் அந்தத் திறப்போடுதான் போனது.

இன்சாப் டாங்கியைக் காலி செய்து கழுவினான். பிளக்குகளை மாற்றி, நல்ல பெற்றோல் ஊற்றி, ஸ்கேனரில் வந்த பிழைக் குறியை அழித்துவிட்டு, முந்தல் வரைக்கும் வேகமாக ஓட்டிப் போய்த் திரும்பினான். அந்தச் சூட்டில் படிந்திருந்த ஒயில் எரிந்து போனது. மறுநாளும் ஓட்டிப் பார்த்தான். லைட் திரும்ப எரியவில்லை. கன்வேர்ட்டருக்கு ஒன்றுமில்லை என்றதும் ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, தானே காரை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து பஸ் தரிப்பிடத்தில் நஸீரைக் கண்டான் இன்சாப். புத்தளத்தில் யாருக்கோ லொறி ஓட்ட ஆள் வேண்டுமாம், கேட்கப் போகிறானாம். இன்சாபால் சும்மா போக முடியவில்லை.

"ஏன் நாநா அப்படிச் செஞ்சீங்க?"

"நான் ஊத்தல்ல தம்பி."

போன வெள்ளிக்கிழமை நஸீர் லீவு. ஹாஜியார் தானே காரை எடுத்துக்கொண்டு கற்பிட்டியில் தன் போட்டுகள் நிற்கும் கடற்கரை மீன் வாடிக்குப் போயிருக்கிறார். பெற்றோல் குறைந்திருக்கிறது. போட் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வைத்திருக்கும் பெற்றோல் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த கேன் இரண்டைத் தூக்கி ஊற்றியிருக்கிறார். மறுநாள் அதை நஸீரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். வாடியில் சும்மா கிடந்த பெற்றோல், வீணாக்காமல் ஊற்றிவிட்டேன் என்று.

இன்சாபுக்கு வெட்கமாகிவிட்டது. போத்தலைத் தூக்கிப் பிடித்தவன் அவன்தானே.

"அந்த இடத்திலயே சொல்லியிரிக்கலாமே நாநா?"

"அங்க ரெண்டு போட்காரனுகள் நிண்டானுகள். மூணு போட் வெச்சிரிக்கிற மனிசனுக்கு மண்ணெண்ணெ மணம் தெரியா என்டு கற்பிட்டி முழுக்கப் பகிடி பண்ணுவானுகள். என்ட வாயால அது வரக் கூடாது."

"அதுக்காக வேலய விட்டுட்டு வாறதா? போத்தல மணந்த உடன ஹாஜியாருக்கு விளங்கியிரிக்குமே."

"ஓம், விளங்கின."

பஸ் வந்து நின்றது. நஸீர் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பிச் சொன்னான்:

"அவரே சொல்லுவார் என்டுதான் தம்பி நான் காத்துக்கிட்டு நிண்டேன்."