புள்ளி அவரைக்குக் காவல்

திருடன் இன்னும் வரவில்லை. சமையலறை ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்துவிட்டு, அவள் மறுபடியும் நகத்தைக் கடித்தாள்.

வெளியே, தோட்டத்துச் சுவர் முழுக்கப் புள்ளி அவரைக் கொடி. இலைகள் பழுத்து உதிர்ந்து நெற்றுகள் மட்டும் காய்ந்து தொங்கின. காற்று அடிக்கும்போதெல்லாம் உள்ளே விதைகள் கலகலத்தன.

“எதுக்கு இந்த அவஸ்தை? தோட்டத்துக் கேட்டுக்கு ஒரு பூட்டைப் போட்டுட்டுத் தூங்கலாம்ல?” என்றார் கணவர். பஸ் டிரைவர். வாரத்துக்கு ஒரு மத்தியானத் தூக்கம்தான் அவருக்கு. அதுவும் இன்று போயிற்று.

“பூட்டு தொங்கினா வரமாட்டான். காலையிலயே கேட்டுக்கு எண்ணெய் விட்டுட்டேன். கிறீச்சுன்னு கத்தினா உஷாராயிடுவான்.”

“நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்.” அவர் குடையைத் தடி போலப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. வானம் இருண்டுகொண்டு வந்தது.

“இன்னிக்கு வரலைன்னா? மழையில நனைஞ்சா எல்லாம் பூஞ்சை பிடிச்சுடும்.”

“வரலைன்னா நல்லதுதானே?”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

திருடன் யார் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. மாடியில் புதிதாகக் குடிவந்த டெய்லர். நேற்று படியில் நின்று, “அக்கா, ஒரே ஒரு நெத்து குடுங்க. தொட்டியில போட்டுப் பார்க்கிறேன்” என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டான். “ஒரு விதைகூடக் கிடையாது” என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

முன்பெல்லாம் கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவள்தான். தங்கை வாங்கிப் போனதை வண்டு தின்றது. பாட்டு டீச்சருக்கு எங்கே வைத்தோம் என்றே ஞாபகமில்லை. போன வருஷம் இவளுடைய விதைப் பையையே எலி கடித்து, தப்பியது ஒரு பிடி. இந்தச் சுவரை விட்டால் இந்த அவரை இப்போது வேறெங்கும் இல்லை.

“எங்க அம்மா இருந்த வரைக்கும் ஒரு விதை வெளியே போனதில்ல. பெத்த பொண்ணுக்கே குடுக்கல. மருமக உனக்குத்தான் குடுத்தாங்க” என்றார் கணவர்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

டெய்லர் இறங்கி வந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், கேட் மேல் கை வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பி மேலேறிவிட்டான்.

“அய்யோ, போறானே!” அவள் புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

மறுபடி வந்தான், இந்தமுறை வெறுங்காலோடு. கேட் சத்தமில்லாமல் திறந்தது. ஒரு நெற்றைப் பறித்தான், இன்னொன்றைப் பறித்தான். கழுத்தில் கிடந்த அளவு டேப் கொடியில் சிக்க, பதறி இழுத்துக்கொண்டான்.

கணவர் பாய்ந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்தாள்.

“பிரேக் போடுங்க. இன்னும் ரெண்டு எடுக்கட்டும்.”

“கையும் களவுமா மாட்டியிருக்கான்!”

“உஷ்!”

டெய்லர் சட்டைப் பையை அழுத்திப் பிடித்தபடி படிகளில் தாவி மறைந்தான். அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

“கெஞ்சிக் கேட்டப்ப விரட்டின. இப்ப கண்ணெதிரே திருட விடுற. உனக்கென்ன பைத்தியமா?”

“சும்மா வாங்கிட்டுப் போனவங்க டப்பாவுல போட்டு மறந்துட்டாங்க. திருடினவன் மறப்பானா? பொழுதுக்கும் தொட்டியை எட்டி எட்டிப் பார்ப்பான்.”

“நல்ல நியாயம்! எங்க அம்மா உன்னை நம்பிக் குடுத்த விதைடி அது.”

அவள் ஜன்னல் திரையை முழுவதுமாக ஒதுக்கினாள்.

“உங்க அம்மா எங்க குடுத்தாங்க? கேட்டுக்கு எண்ணெய்தான் விட்டு வெச்சாங்க.”